நன்றிப் பக்கத்தில் ஒரு கணவர்

ஆய்வு நூல் என்பது யாரும் படிக்காத புத்தகம். எழுதியவர் படிப்பார். வழிகாட்டியான கைடு பாதி படிப்பார். தேர்வாளர் முன்னுரையையும் முடிவுரையையும் பார்த்துவிட்டு நடுவில் நாலு காற்புள்ளியைத் திருத்துவார். அப்புறம் அது தடித்த அட்டையோடு துறை அலமாரியில் நின்று தூசி வாங்கும். ஆனால் அதில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் கையில் எடுத்தவர்கள் எல்லோரும் படித்துவிடுவார்கள். அது நன்றிப் பக்கம். யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறாள், யாரை விட்டுவிட்டாள், நம் பெயர் இருக்கிறதா, இருந்தால் யாருக்குக் கீழே என்று பார்க்காமல் புத்தகத்தை மூடிவைக்க மனுஷ ஜென்மத்தால் ஆகாது.

சரோஜினி இதை யோசிக்காமல் போனதுதான் வினையாகிவிட்டது.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் அவள் ஆங்கில ஆசிரியை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தாம்பரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியில் பகுதி நேர ஆய்வாளராகச் சேர்ந்து, சனிக்கிழமை தோறும் கைடைப் பார்த்து, எழுதி, அடித்து, மறுபடி எழுதி, ஒரு வழியாக நூலைச் சமர்ப்பித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. திங்கட்கிழமை மாலை லோக்கல் ரயிலில் மகளிர் பெட்டியில் இடம் கிடைத்து உட்கார்ந்தபோது விஷ்ணுப்ரியாவிடமிருந்து போன் வந்தது. அதே கைடிடம் முழு நேர ஆய்வு செய்யும் சின்னப் பெண்.

"அக்கா, உங்ககூட பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். மனசு கேக்கலை."

"ஏம்மா, நான் இன்னா பண்ணேன்?" விஷ்ணுப்ரியாவிடம் விளையாட்டாகப் பேசும்போது மட்டும் சரோஜினிக்குச் சென்னைத் தமிழ் வரும்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லலை. பத்திரிகை வேணாம், ஒரு வாட்ஸப் மெசேஜ் போட்டிருக்கலாம்ல?"

"யாருக்குக் கல்யாணம்?"

"தீசிஸ்ல போட்டிருக்கீங்களேக்கா. லைப்ரரி காப்பியை இப்பதான் பார்த்தேன்."

வைவாவுக்கு முன்னால் நூலின் ஒரு பிரதியைப் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. அதைத்தான் அந்தப் பெண் எடுத்துப் பார்த்திருக்கிறாள். பார்த்ததோடு நில்லாமல் போனிலேயே படித்தும் காட்டினாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நான் வீட்டில் இருந்தும் இல்லாமல் இருந்த நாட்களை முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டு, எனக்காகச் சமையலறைக்குள் நுழைந்து, நான் சோர்ந்தபோதெல்லாம் என் அருகில் உட்கார்ந்திருந்த என் அன்புக் கணவருக்கு.'

ரயில் கூடுவாஞ்சேரியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கணவர், அவளுக்கு முன்னால் ஆய்வை முடித்த ஜென்சியின் கணவர். ஆய்வு செய்கிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், உறுதிமொழிப் பக்கம் எப்படி இருக்க வேண்டும், சான்றிதழ்ப் பக்கத்தில் யார் கையெழுத்து எங்கே வரவேண்டும் என்று ஆயிரம் தொல்லை இருப்பதால், முன்னால் முடித்தவர்களின் கோப்பை வாங்கி அதன் மேலேயே தங்கள் நூலை ஏற்றிக்கொள்வார்கள். அந்தக் கோப்பு கைக்குக் கை மாறி வரும். சரோஜினிக்கு வந்தது, இதே கைடிடம் முன்பு பட்டம் வாங்கி, இப்போது கீழ்க்கட்டளையில் கணவனும் பிள்ளைகளுமாக இருக்கும் ஜென்சியின் கோப்பு. முதல்வர் பெயர், துறைத் தலைவர் பெயர், நூலகர் பெயர் என்று கண்ணில் பட்ட பெயரையெல்லாம் சரோஜினி மாற்றிவிட்டாள். ஜென்சி தன் கணவரைப் பெயர் சொல்லி எழுதவில்லை. பெயர் இல்லாததால் மாற்ற வேண்டும் என்று கண்ணில் படவும் இல்லை. நூலைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காப்பியடித்த வரிகளைத் தேடுவார்களே, அந்தச் சோதனை சரோஜினி தானே எழுதி வெளியிட்ட கட்டுரையைக்கூடத் திருட்டு என்று சொன்னது. ஆனால் முன்பக்கங்களை அது பார்ப்பதில்லை. அதனால் கணவர் பிடிபடாமல் உள்ளே வந்து, பைண்டிங்கும் ஆகி, தங்க எழுத்து அட்டைக்குள் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அந்தப் பக்கத்தை அவள் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு வந்திருந்தாள். மற்ற அத்தியாயங்களுக்கெல்லாம் எழுத விஷயம் இருந்தது. இதற்கு யாரை எழுதுவது என்று தெரியவில்லை. அப்பா போய்விட்டார். அம்மாவும் போய்விட்டாள். தம்பி எபி ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அக்கா ஏதோ படிக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும், என்ன படிக்கிறாள் என்று தெரியாது. கடைசி நாளன்று பைண்டிங் கடையில் வரிசையில் நின்றபடியே பெயர்களை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

விஷ்ணுப்ரியாவிடம் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்தாள், பிறகு சிரித்ததற்காக மன்னிப்பும் கேட்டாள்.

"லைப்ரரி காப்பில அந்தப் பேஜை மாத்திடலாம்க்கா. ஆனா வெளியூர்ல இருந்து வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கையில ஒண்ணு இருக்குமே. சார்கிட்ட இப்பவே சொல்லிடுங்க."

அங்கேதான் இடித்தது. சரோஜினியின் ஆய்வு, சென்ற நூற்றாண்டு அமெரிக்க நாவல்களில் தனியாக வாழும் பெண்களைப் பற்றியது. கதவை உட்புறம் சாத்திக்கொண்டு, பெரிய வீட்டில் ஒற்றை விளக்கோடு வாழும் பெண்கள். விமர்சகர்கள் பாதிப் பேர் அவர்களைப் பைத்தியம் என்றார்கள், மீதிப் பாதி பாவம் என்றார்கள். இரண்டும் இல்லை, தனியாக இருப்பது குறை அல்ல, அதுவும் ஒரு முழு வாழ்க்கைதான் என்று சரோஜினி பக்கம் பக்கமாக வாதாடியிருந்தாள். அப்படி வாதாடியவள் நூலின் வாசலிலேயே இல்லாத கணவனை நிறுத்தி வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் அந்த வாதம் என்ன ஆகும்? பாவம், ஆசை இருக்கிறது, கிடைக்கவில்லை, அதனால் எழுதிப் பார்த்துக்கொண்டாள் என்பார்கள். அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது.

சேலையூரில் அவள் வீடு இரண்டாம் மாடி. அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றபோது வாங்கியது. கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, காலையில் வைத்த சாம்பாரைச் சூடாக்கினாள். வெள்ளிக்கிழமை மாலை கல்லூரியை விட்டு வந்தால் சனிக்கிழமை கைடைப் பார்க்கிறவரை அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியம் வருவதில்லை. சனிக்கிழமை 'குட் மார்னிங் சார்' என்று சொல்லும்போது தொண்டை கட்டியிருக்கும். சளி என்று நினைத்து மாத்திரை போட்டிருக்கிறாள். ஒரு நாள்தான் புரிந்தது, அது சளி இல்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை மாலைகளில் தான் எழுதிய அத்தியாயத்தைத் தானே சத்தமாக வாசித்துக்கொள்வாள். அந்த வீட்டில் யாராவது யாரோடாவது பேசுவதுபோல் இருக்கும்.

புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கைடின் அறைக்குப் போனாள். டாக்டர் ராஜகோபாலன் ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிறது. நல்ல மனிதர், ஆனால் அடிக்குறிப்பைத் தவிர வேறு பேசி அவள் கேட்டதில்லை. அவள் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்துவிட்டார். ஸ்லைடில் எழுத்து சின்னதாக இருக்கிறது, எக்ஸ்டர்னலை எழும்பூரில் கூப்பிடக் கார் சொல்லியாச்சா, அவருக்குச் சர்க்கரை, சாப்பாட்டில் இனிப்பு வேண்டாம், பொன்னாடைக்கு யார் பொறுப்பு என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். "வேற ஏதாவது இருக்கா?" என்று அவர் நிமிர்ந்தபோது, "இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். படியிறங்கும்போது தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கு அறை நிறைந்திருந்தது. பொது வைவா என்றால் பொதுமக்கள் வர வேண்டும். பொதுமக்களுக்கு வேறு வேலை இருப்பதால் எம்.ஏ. மாணவர்களை அட்டெண்டன்ஸ் உண்டு என்று சொல்லி உட்கார்த்தி வைப்பார்கள். கதவோரம் கேன்டீன்காரர் தயாளன் சமோசா தட்டுகளோடு நின்றிருந்தார். பாதி மாணவர்களின் பார்வை அவர் மேல்தான் இருந்தது.

எக்ஸ்டர்னல் டாக்டர் ஞானையா, தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த முதியவர். கேள்விகளைக் கூராகக் கேட்டார். "இந்தப் பெண்கள் தனிமையைத் தேர்ந்துகொண்டார்கள் என்கிறீர்கள். வேறு வழியில்லாமல் கிடைத்ததைத் தேர்ந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று நான் சொன்னால்?" என்று ஆங்கிலத்தில் மடக்கினார். சரோஜினி மடங்கவில்லை. கிடைத்ததை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்கிறார் என்பதுதான் தேர்வு, எல்லாவற்றையும் தானே தேர்ந்துகொண்டு யாரும் வாழ்க்கையைத் தொடங்குவதில்லை என்று பதில் சொன்னாள். அவர் தலையை ஆட்டி எதையோ குறித்துக்கொண்டார். கேள்விகள் முடிந்தன. அவர் எதையும் பார்க்கவில்லை, தப்பித்தோம் என்று அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

ஞானையா எழுந்து மைக்கைப் பிடித்துத் தமிழுக்கு மாறினார்.

"பட்டம் குடுக்கப் பரிந்துரைக்கிறேன். அதுக்கு முன்னால ஒண்ணு. பொம்பளப் பிள்ளைங்க வேலைக்கும் போயி ஆராய்ச்சியும் பண்றதுன்னா வீட்டுல ஒருத்தர் தாங்கணும். நான் எத்தனையோ நன்றியுரை படிச்சிருக்கேன். இந்தம்மா எழுதுன மாதிரி மனசுல இருந்து வந்ததைப் படிச்சதில்ல. அவங்க வீட்டுக்காரர் வந்திருக்காரா? மேடைக்கு வாங்க சார். இந்தப் பொன்னாடை உங்களுக்குத்தான்."

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நடுத்தர வயதில் ஆண் என்று பார்த்தால் கதவோரம் தயாளன் ஒருவர்தான். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு அவர் சமோசா தட்டோடு வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார். விஷ்ணுப்ரியா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

ராஜகோபாலன் சட்டென்று மைக்கை வாங்கினார். "அவர் வெளிநாட்டுல இருக்கார் சார். வர முடியலை."

கைதட்டினார்கள். சரோஜினிக்கு உயிர் வந்தது. காப்பாற்றிவிட்டார். ஒரு வாய் வார்த்தையில் எல்லாவற்றையும் மூடிவிட்டார். இத்தனை காலம் அடிக்குறிப்பு மட்டுமே பேசிய மனிதர், தனக்காக நிறைந்த சபையில் கூசாமல் ஒரு பொய் சொல்லியிருக்கிறார் என்று நினைத்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே விட்டிருக்கலாம். சும்மா நின்றிருந்தால் போதும்.

ஆனால் கைதட்டல் நிற்கவில்லை. வராத ஒருவருக்காக, இல்லாத ஒருவருக்காக, அவள் எழுதிய அத்தனை பக்கங்களுக்கும் தட்டாத அளவு கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது பொறுக்கவில்லை. மைக் இல்லாமலே பேசினாள்.

"வெளிநாட்டுல இல்ல சார். எங்கயும் இல்ல."

அறை அடங்கியது. ஞானையாவின் முகம் வாடிவிட்டது. "ஐயோ அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எப்போ தவறினாரு?"

"தவறலை சார். இருந்ததே இல்ல. எனக்குக் கல்யாணம் ஆகலை. அந்தப் பக்கம் எனக்கு முன்னாடி முடிச்சவங்களோடது. ஃபார்மட்டுக்கு வாங்கினேன், மாத்த மறந்துட்டேன்."

பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு முன்னால் வந்தது. ஞானையாவும் சிரித்துவிட்டார், மனதில் எதுவும் இல்லாத சிரிப்பு. "ஆராய்ச்சியில திருடுறவங்களைப் பார்த்திருக்கேன். நன்றியில திருடினது நீங்க ஒருத்தர்தாம்மா" என்றார். அந்தப் பக்கத்தை மாற்றிக் கொடுத்தால் போதும் என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு, பொன்னாடையை அவள் தோளிலேயே போட்டுவிட்டார்.

தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. தயாளன் தட்டைச் சுற்றில் விட்டதும் எல்லோரும் சமோசாவுக்குத் திரும்பிவிட்டார்கள். அவமானம்கூட அவளோடு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

சாப்பாடு முடிந்து எக்ஸ்டர்னலைக் காரில் ஏற்றி அனுப்பிய பிறகு ராஜகோபாலனின் அறைக்குப் போனாள்.

"சாரி சார். நீங்க எனக்காகச் சமாளிக்கப் பார்த்தீங்க. நான்தான் உடைச்சிட்டேன். உங்களுக்குத் தலைகுனிவாப் போச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "சமாளிக்கலையே. நான் நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன்."

"எப்படி சார்?"

"அந்தப் பக்கத்தைப் படிச்சேன். கணவர்னு இருந்தது. இத்தனை வருஷத்துல அவர் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. அதனால வெளிநாட்டுல இருந்துண்டு லீவுல வந்து போறவரா இருக்கும்னு நானே எடுத்துண்டேன்."

சரோஜினி நின்றுகொண்டே இருந்தாள். பொய் சொல்லிக் காப்பாற்றினார் என்று அரை நாளாக நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தது அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. எத்தனை சனிக்கிழமை, எத்தனை அத்தியாயம். தனியாக வாழும் பெண்களைப் பற்றி எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவள் தனியாக வாழ்கிறாள் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. சபையே சிரித்தபோது வராத அழுகை இப்போது வந்தது, கூடவே கோபமும் வந்தது.

"ஒரு தடவை கேட்டிருக்கலாமே சார். உங்க வீட்ல யார் இருக்காங்கன்னு ஒரே ஒரு தடவை."

"கேட்டிருக்கணும்," என்றார். பிறகு மேஜையிலிருந்த நூலை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். "இதுல இன்னொரு வரியும் உங்களோடது இல்லை. பாருங்கோ."

விரல் வைத்த இடத்தில் இருந்தது: 'எந்த நேரத்தில் அத்தியாயத்தோடு போய்க் கதவைத் தட்டினாலும் முகம் மலர்ந்து காப்பி கொடுத்து உபசரித்த என் வழிகாட்டியின் துணைவியார் திருமதி அபிதகுஜாம்பாள் அவர்களுக்கு.' பெயர் மாற்ற வேண்டியிராததால் அதையும் அவள் அப்படியே விட்டிருந்தாள். ஜென்சிக்கும் அவளுக்கும் கைடு ஒருவர்தானே.

"ஜென்சி ஆத்துக்கு வருவா. காப்பி குடிப்பா. நீங்க வந்ததில்லை. நீங்க சேர்ந்து கொஞ்ச நாள்ல கொரோனா வந்துடுத்து. அந்த நாள்ல எல்லாமே மெயில்லதான்." நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டாவது அலையில என் ஆத்துக்காரி போயிட்டா. உங்க மூணாவது சாப்டர் அப்பதான் வந்தது. திருத்தி அனுப்ப லேட்டாச்சு. நீங்ககூட ரிமைண்டர் போட்டிருந்தேள்."

அவளுக்கு அந்த மெயில் ஞாபகம் வந்தது. ஒன்று இல்லை, இரண்டு போட்டிருந்தாள். இரண்டாவதில், சார் பதில் சொல்லாததால் தன் வேலை நின்றுபோயிருக்கிறது என்று கொஞ்சம் சூடாகவே எழுதியிருந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாது சார்."

"நான் சொல்லலையே."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அடிச்சிருக்கணும். ஒரு கமா தப்பா இருந்தா விடமாட்டேன், உங்களுக்குத் தெரியும்." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "யாரோ ஒருத்தர் அவ இன்னும் காப்பி குடுத்துண்டு இருக்கறதா நினைச்சிண்டு இருக்கா. இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

அவள் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

"கணவரை எடுத்துடுங்கோ. இந்த வரியை விடலாமான்னு பாருங்கோ."

"நான் அந்தக் காப்பியைக் குடிச்சதில்லையே சார். பொய்யாயிடுமே."

"ஆமாம்," என்றார் ராஜகோபாலன். "ஆயிடும்." நூலை மூடி வைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. வர வேண்டிய அவசியம் இல்லை. விஷ்ணுப்ரியாவிடம் கொடுத்தனுப்பியிருந்தால்கூடப் போதும். ஆனாலும் சரோஜினி புதுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வழக்கமான நேரத்துக்கே வந்தாள். இந்த முறை யாருடைய பக்கத்தையும் பார்க்காமல் எழுதியிருந்தாள். அதனால் பாதிப் பக்கம்கூட வரவில்லை. முதல்வருக்கு ஒரு வரி, நூலகருக்கு ஒரு வரி, விஷ்ணுப்ரியாவுக்கு ஒரு வரி. கணவர் இருந்த இடத்தில் எதுவும் இல்லை, அந்த இடத்தை நிரப்ப அவள் யாரையும் கூப்பிடவும் இல்லை. கடைசி வரியில் ராஜகோபாலனின் கண் நின்றது. 'நான் ஒரு முறையும் போய்ப் பார்க்காத திருமதி அபிதகுஜாம்பாள் அவர்களுக்கு.'

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். திருத்த அதில் எதுவும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டார். தாளை அவளிடம் நீட்டினார், ஆனால் அவள் வாங்கிய பிறகும் தன் கையை எடுக்கவில்லை.

"உங்க ஆத்துல யார் யார் இருக்கா?" என்று கேட்டார்.

"நான் மட்டும்தான் சார்," என்றாள் சரோஜினி. தொண்டை கட்டியிருந்ததால் குரல் சரியாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அவருக்குக் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள்.